மான்ஸ்டெரா: 7 மாதம் சாடியில் நின்ற ஒற்றை இலை

என்னிடம் இருக்கும் மான்ஸ்டெராவுக்கு (பெரிய இலையில் ஓட்டையும் வெட்டும் விழும் கொடிச் செடி) 5 வயது. ஜன்னலோரத்தில் வைத்த நாளிலிருந்து வெளிச்சத்தைப் பார்த்துச் சாய்ந்து சாய்ந்து, கடைசியில் தொட்டிக்கு வெளியே ஒரு முழத்துக்கு மேல் தண்டை நீட்டிப் படுத்துவிட்டது. கீழ் இலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்து விழுந்தன. நுனியில் 3 இலை, நடுவில் 2, மற்றதெல்லாம் மொட்டைத் தண்டு. ஒரு நாள் நாற்காலியை இழுக்கும்போது அதில் சிக்கி, அதுவரை நடுவில் மூன்றாவதாக நின்ற நல்ல பெரிய இலை காம்போடு பிய்ந்து வந்துவிட்டது. தூக்கிப் போட மனசில்லை. கண்ணாடிச் சாடியில் தண்ணீர் ஊற்றி நிறுத்தினேன்.

இரண்டு மாதம் கழித்துக் காம்பின் அடியில் வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வேர் வந்துவிட்டது, இனித் தளிர் வரவேண்டியதுதானே என்று வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றினேன். மூன்றாம் மாதம், நான்காம் மாதம், ஆறாம் மாதம். வேர் சாடியைச் சுற்றிச் சுருண்டது. இலை வாடவும் இல்லை, வளரவும் இல்லை. வைத்தது வைத்தபடி நின்றது. ஏழாம் மாதம் வீட்டுக்கு வந்த அக்கா சாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இதுல கணு எங்கடா இருக்கு?"

இல்லை. வெறும் இலையும் காம்பும்தான்.

"கரும்புத் தோகையை நட்டா கரும்பு வருமா? கரணையைத்தானே நடுறாங்க. அதுலயும் பரு செத்த துண்டை ஒதுக்கிடுவாங்க" என்றாள். அவ்வளவு எளிமையாகச் சொல்லிவிட்டுப் போனதில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

நான் ஏமாந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. அதற்கு முந்தைய வருடம் இசட்இசட் செடியின் சிற்றிலைகளைக் கிள்ளி ஈர மணலில் செருகி வைத்திருந்தேன். பல மாதம் கழித்து ஒவ்வொன்றின் அடியிலும் குட்டிக் கிழங்கு வைத்துத் தளிர் வந்தது. ரணகள்ளி இலையைத் தரையில் போட்டாலே விளிம்பெல்லாம் குட்டி போடும். ரெக்ஸ் பிகோனியாவுக்கு நரம்பைக் கீறிவிட்டால் போதும். இசட்இசட், மான்ஸ்டெரா இரண்டுமே சேம்புக் குடும்பம் வேறு. இதற்கு ஆவது அதற்கும் ஆகும் என்று நினைத்துவிட்டேன். மான்ஸ்டெரா இலைக்கு வேர் விடத் தெரியும், ஆனால் புதுத் தண்டு உண்டாக்கத் தெரியாது. தண்டு கணுவிலுள்ள பருவிலிருந்துதான் வரும். பரு இல்லாத இலை, வேரோடு இருந்தாலும் ஒரு நாள் கிழடாகிப் பழுக்கும், அவ்வளவுதான்.

சரி, இந்த முறை செடியையே முழுசாகப் பிரித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். தாய்ச் செடியும் நன்றாக இல்லை. நடு இலை ஒன்று ஓரத்தில் மஞ்சளடிக்கத் தொடங்கியிருந்தது.

தண்டைப் படித்தது

5 வருடம் வளர்த்திருக்கிறேன், தண்டைக் கையில் ஏந்தி நிதானமாகப் பார்த்தது அன்றுதான். இலை விழுந்த இடத்திலெல்லாம் தண்டைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல் தழும்பு. சில இடங்களில் காம்பின் பழைய உறை, காய்ந்த பழுப்புக் காகிதம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் மெல்லச் சுரண்டினால் உரிந்து வருகிறது. அதற்கடியில், தழும்பை ஒட்டிச் சற்று மேலே, தீக்குச்சித் தலை அளவில் ஒரு பச்சைப் புடைப்பு. இதுதான் அக்கா சொன்ன பரு. அதே கணுவின் மறுபக்கம் பென்சில் தடிமனில் ஒரு விழுது. நுனி மட்டும் வெளிர் பச்சை, மற்றது மரக்கட்டைப் பழுப்பு. இரண்டு தழும்புக்கு நடுவில் இருக்கும் வழுவழுப்பான பகுதியில் ஒன்றும் கிடையாது. அந்தத் துண்டை மட்டும் வெட்டி நட்டால் மண்ணுக்கு உரம்தான்.

விழுது அசிங்கமாக இருக்கிறது என்று நான் முன்பு இரண்டை வெட்டியிருக்கிறேன். அதனால் செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது வெட்டி வேலை என்பது இப்போது தெரிகிறது. தெற்கு மெக்சிகோவிலும் அதையொட்டிய நடு அமெரிக்கக் காடுகளிலும் இது மரத்தைப் பற்றி ஏறும் செடி. டென்மார்க் தாவரவியலாளர் லீப்மான் 1849இல் இதற்கு மான்ஸ்டெரா டெலிசியோசா என்று பெயர் வைத்தார். இதன் உறவான மான்ஸ்டெரா ஜைஜான்டியாவைப் பற்றி 1975இல் ஸ்ட்ராங், ரே என்ற இருவர் எழுதிய ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். விதையிலிருந்து முளைத்த கொடி வெளிச்சத்தை நோக்கிப் போகாமல் இருட்டை நோக்கி ஊர்கிறதாம். காட்டில் பக்கத்திலேயே இருட்டாகத் தெரிவது பெரிய மரத்தின் அடிமரம்தானே. மரத்தைத் தொட்ட பிறகுதான் வெளிச்சத்தைத் தேடி மேலே ஏறுமாம். ஏறும் கொடிக்குக் கணுவுக்குக் கணு பிடிமானம் வேண்டும், அதற்குத்தான் விழுது. ஜன்னலோரத்தில் பற்ற மரமில்லாமல் என் செடி தரையில் படுத்துக் கிடந்ததற்கும் இதுதான் காரணம்.

எண்ணிப் பார்த்ததில் நுனியில் 3 இலை உள்ள பகுதி, அதற்குக் கீழே 4 கணு (இரண்டில் இலை உண்டு, இரண்டு மொட்டை), பிறகு தொட்டிக்குள் போகும் அடித்தண்டில் 3 கணு. நுனிக்குப் பதியம், நடுவுக்குத் துண்டு, அடியை அப்படியே விடுவது என்று திட்டம்.

முதல் நாள்: பதியம்

நேராக வெட்டித் தண்ணீரில் வைத்தாலும் நுனி பிழைக்கும். இருந்தாலும் 3 பெரிய இலையும் வேரில்லாமல் நிற்கும்போது ஒன்று கட்டாயம் போய்விடும் என்று பயந்தேன். தாயோடு ஒட்டியிருக்கும்போதே வேர் பிடிக்க வைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.

ஸ்பாக்னம் பாசியை (ஈரம் பிடித்து வைக்கும் காய்ந்த பாசி) அரை மணி நேரம் ஊறவைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழிந்தேன். பிழிவதில்தான் எல்லாம் இருக்கிறது. சொதசொதவென்று கட்டினால் உள்ளே அழுகும். மூன்றாவது இலைக்குக் கீழே, 4 செ.மீ. விழுது உள்ள கணுவைச் சுற்றி ஒரு பிடி பாசியை வைத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, கீழே இறுக்கியும் மேலே கொஞ்சம் தளர்த்தியும் கட்டினேன். தளர்த்தியது ஊசிக்குழாயால் அவ்வப்போது நீர் விட. ரப்பர் செடிக்குப் பதியம் வைத்துப் பழகியவர்கள் இங்கே பட்டையை மோதிரமாக உரிக்கப் போய்விடாதீர்கள். இது ஒருவித்திலைத் தாவரம், உரிக்கப் பட்டையே கிடையாது. கீறவும் வேண்டாம். விழுது ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு ஈரம் காட்டினால் போதும்.

கையுறை போடவில்லை. பழைய காம்பு ஒன்றைக் கிள்ளியபோது வந்த சாறு மணிக்கட்டில் பட்டு, அன்று மாலை முழுக்கச் சொறிந்துகொண்டிருந்தேன். சேம்பு, சேனை எல்லாம் இதன் சொந்தங்கள். அவற்றில் இருக்கும் அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான் இங்கும். நாய், பூனை, தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் வெட்டிய துண்டுகளைத் தரையில் போட்டு வைக்காதீர்கள். வாயில் வைத்தால் எரிச்சலும் வீக்கமும் வரும்.

11ஆம் நாள் மேல் முடிச்சு அவிழ்ந்து பாசி பாதி காய்ந்திருந்தது. விழுதின் நுனி பழுப்பாகி நின்றுவிட்டது. போச்சு என்று நினைத்தேன். நனைத்து மறுபடி கட்டினேன். நுனி பிழைக்கவில்லை, ஆனால் 19ஆம் நாள் அதன் பக்கவாட்டிலிருந்து 2 வெள்ளை வேர் கிளம்பிப் பிளாஸ்டிக்கில் முட்டிக்கொண்டிருந்தது. நுனி போனதும் பக்க வேர் வந்ததால் காய்ந்ததுகூட நல்லதாகப் போயிற்று. இதை யாருக்கும் வழிமுறையாகச் சொல்ல மாட்டேன்.

37ஆம் நாள்: வெட்டு

பாசிக்குள் 6 வேர் எண்ண முடிந்தது. நீளமானது 6 செ.மீ. இருக்கும், சிறு கிளைகளும் விட்டிருந்தது. கத்தியை 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, கணுவுக்கு 3 செ.மீ. கீழே ஒரே இழுப்பில் வெட்டினேன். பாசியைப் பிரிக்கவில்லை, வேர் அதைப் பின்னிப் பிடித்திருந்தது, பிரித்தால் பாதி ஒடியும். பாசியோடு அப்படியே தொட்டிக்குப் போயிற்று. ஒரு இலைகூடச் சாயவில்லை. இந்த வேலையிலேயே அலுங்காமல் முடிந்தது இது ஒன்றுதான்.

நடுவிலிருந்த 4 கணுவையும் ஒவ்வொரு துண்டாக வெட்டினேன். எல்லாமே ஒரு பரு கரணை. வெட்டுவாயை மூன்று மணி நேரம் நிழலில் உலரவிட்டேன். இலை இருந்த இரண்டும் தண்ணீருக்குப் போயின. மொட்டைத் துண்டு இரண்டையும் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஈரப் பாசி மேல், பரு மேலே பார்க்கப் பாதி புதையும்படி படுக்க வைத்தேன்.

அப்புறம் மிச்சமிருந்த அடித்தண்டைத் தொட்டியிலிருந்து கவிழ்த்தேன். மஞ்சள் இலைக்குக் காரணம் அங்கே இருந்தது. பூந்தொட்டியை அழகுக்காக ஓட்டையில்லாத வெளித்தொட்டிக்குள் வைத்திருந்தேன். அதன் அடியில் மூன்று விரல் தண்ணீர், குட்டை வாடை. வேர் ஒன்றை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் மின்கம்பியின் உறை உருவுவதுபோல் வழுக்கிக்கொண்டு கையோடு வருகிறது, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் தொங்குகிறது. அழுகலை உறுதி செய்ய இதைவிட வேறு சோதனை தேவையில்லை. நல்ல வேர் இழுத்தால் வராது, ஒடித்தால் சடக்கென்று ஒடியும். 10இல் 7 வேர் போயிருந்தது. அத்தனையையும் வெட்டி, மிச்சத்தைக் கழுவி, முந்தையதில் பாதி அளவுத் தொட்டிக்கு மாற்றினேன். கொஞ்ச வேருக்குப் பெரிய தொட்டி கொடுத்தால் ஈரம் உறிஞ்ச ஆளில்லாமல் மறுபடி அதே கதைதான்.

பழைய மண் முழுக்கக் கோகோ பீட், அதாவது தேங்காய் நார்த்தூள். 5 வருடத்தில் மட்கி, களி மாதிரி இறுகியிருந்தது. புதுக் கலவைக்குக் குவளையால் அளந்தேன்: மரப்பட்டைத் துண்டு 2, உப்புப் போகக் கழுவிய கோகோ பீட் 2, பெர்லைட் (பொரிந்த வெள்ளைக் கல்) 1, மேலுக்கு ஒரு கைப்பிடி கரித்தூள். விகிதம் முன்னே பின்னே இருந்தால் குடி முழுகிவிடாது. ஊற்றிய தண்ணீர் சில நொடியில் அடியில் வந்து சொட்டுகிறதா என்று பார்த்தால் போதும்.

தண்ணீரும் டப்பாவும்

தண்ணீரில் வைத்த இரண்டில் ஒன்றின் நீர் 4 நாளில் கலங்கி வழவழப்பானது. துண்டைக் கழுவிப் பார்த்தால் தண்டு நன்றாகத்தான் இருக்கிறது. அதில் ஒட்டியிருந்த அந்தப் பழைய காகித உறைதான் ஊறிக் கூழாகியிருந்தது. இன்னொன்றில் அதை முன்பே உரித்திருந்தேன், அதில் பிரச்சினை இல்லை. தண்ணீரில் வைக்கும் முன் உறையை முழுக்க உரித்துவிடுங்கள். 4, 5 நாளுக்கு ஒருமுறை நீர் மாற்றினேன். நீரில் பச்சைப் பாசி படராமலிருக்கச் சாடியைச் சுற்றிப் பழுப்புக் காகிதம் ஒட்டினேன். பெரிய இலையின் கனம் சாடியை ஒரு ராத்திரி கவிழ்த்துவிட்டது. அதன் பிறகு கூழாங்கல் போட்டு, காம்பைக் குச்சியோடு கட்டினேன்.

டப்பாவில் ஒன்று செத்தது. 16ஆம் நாள் தொட்டால் ஒரு முனை கொழகொழவென்று அமுங்கியது. வெட்டும்போது கத்தி வழுக்கி, அந்தப் பக்கம் கணுவுக்கு 1 செ.மீ.தான் விட்டிருந்தேன். வெட்டுவாயிலிருந்து தொடங்கும் அழுகல் பருவை எட்டாமல் தடுக்க அந்த 1 செ.மீ. போதவில்லை. அழுகிய இடத்தை வெட்டி எறியலாம் என்றால் அதற்கப்புறம் பருவே மிஞ்சாது. 3 செ.மீ. விடச் சொல்வது இதற்குத்தான். கணுவிடை நீளமாக இருந்தால் இரண்டு பக்கமும் தாராளமாக விடுங்கள், அசிங்கமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

மற்றது பிழைத்தது, ஆனால் பொறுமையைச் சோதித்தது. இலை இல்லாத துண்டுக்குச் சாப்பாடு போட யாரும் இல்லை; தண்டில் சேர்த்து வைத்ததை வைத்தே வேரும் தளிரும் விட்டாகவேண்டும். தினம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்றாட விடுவேன், பருவை உற்றுப் பார்ப்பேன், மூடுவேன். 30ஆம் நாள் வேர் தெரிந்தது. தீக்குச்சித் தலை அப்படியே இருந்தது. 48ஆம் நாள் அது லேசாக நீண்டு, நுனியில் வெளிர் பச்சை கோடு ஒன்று வந்திருந்தது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. படம் பிடித்துப் பெரிதாக்கி அக்காவுக்கு அனுப்பியதற்கு "ம், வருது" என்று பதில் வந்தது.

மண்ணுக்கு மாற்றிய பிறகு

தண்ணீர் வேர் 7 செ.மீ. நீண்டு, பக்க வேரும் விட்ட பிறகுதான் மண்ணுக்கு மாற்றினேன். நீரில் வளர்ந்த வேர் கண்ணாடி மாதிரி, பட்டால் ஒடியும். அதனால் துண்டைத் தொட்டியின் நடுவில் பிடித்துக்கொண்டு, கலவையைச் சுற்றிலும் தூவி, தட்டி இறக்கினேன், விரலால் அமுக்கவில்லை. ஈரத்திலேயே பழகியதை உடனே காயப்போட்டால் தாங்காது. முதல் 10 நாள் கலவையை ஈரமாகவே வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி கொடுத்தேன். ஒரு இலை 2 நாள் தொங்கிவிட்டு நிமிர்ந்தது. இப்போது மேல்மண் விரல் நீளத்துக்குக் காய்ந்த பிறகே ஊற்றுகிறேன், கிழமை பார்த்து ஊற்றுவதில்லை. வெளித்தொட்டியும் இனிக் கிடையாது. காலையில் சில நாள் இலை நுனியில் நீர் முத்து நிற்கும். வேர் இழுத்த அதிகப்படி நீர் அது; நோய் ஒன்றும் இல்லை.

நுனிச் செடிக்குப் பாசி சுற்றிய கம்பம் வைத்தேன். இங்கேயும் ஒரு தவறு நடந்தது. தண்டுக்கு முன்னும் பின்னும் உண்டு: காம்புகள் கிளம்பும் பக்கம் முகம், விழுது வரும் பக்கம் முதுகு. முதுகைக் கம்பத்தோடு சேர்த்து, முகத்தை வெளிச்சத்துக்குக் காட்ட வேண்டும். நான் முன்பின் மாற்றிக் கட்டிவிட்டேன். 3 நாள் கழித்துப் பார்த்தால் மூன்று இலையும் திரும்பி நிற்கின்றன. கிட்டே போய்ப் பார்த்தேன். காம்பு இலையைத் தொடும் இடத்தில் முழங்கால் மாதிரி ஒரு தடித்த, வெளிர்நிற முட்டி இருக்கிறது. காம்பு அசையாமல் நிற்க, அந்த முட்டி மட்டும் முறுக்கி இலையைச் சுழற்றியிருக்கிறது. அதன் ஒரு பக்கத் தோல் சுருங்கி மடிந்திருந்தது, மறுபக்கம் இறுகி வழவழப்பாக. உடனே அவிழ்த்துச் சரியாகக் கட்டினேன். வாரம் ஒருமுறை தொட்டியைத் திருப்பிவிடச் சொல்லும் பொது அறிவுரையைக் கம்பத்தில் ஏறும் மான்ஸ்டெராவுக்கு நான் இனிக் கேட்கப்போவதில்லை. திருப்பத் திருப்ப அது முட்டியை முறுக்கிக்கொண்டுதான் இருக்கும்.

உரம் முதல் புது இலை விரியும்வரை போடவில்லை. அதன் பிறகும் புட்டியில் எழுதியதில் பாதி அளவே.

மொட்டைத் துண்டின் முதல் இலை 83ஆம் நாள் விரிந்தது. உள்ளங்கையில் பாதி, இதய வடிவம், ஓட்டை ஒன்றுகூட இல்லை. "இது மான்ஸ்டெராவா, மணி பிளான்டா?" என்று வீட்டில் கேட்டார்கள். சிறு தண்டிலிருந்து வரும் முதல் இலைகள் இப்படித்தான் முழுசாக இருக்கும். ஓட்டை பின்னால் கிழிவதால் வருவதில்லை. இலை மொட்டுக்குள் மிகச் சிறிதாக இருக்கும்போதே சில இடங்களில் செல்கள் தாமாகச் சாகின்றன, இலை விரிய விரிய அந்த இடம் ஓட்டையாகப் பெரிதாகிறது. விரிந்து முடிந்த இலையில் புதிதாக ஓட்டை விழாது. ஆகவே இந்தக் குட்டி இலையை எவ்வளவு வெளிச்சத்தில் வைத்தாலும் அது இப்படியேதான் இருக்கும். அடுத்தடுத்து வருபவற்றில்தான் பார்க்க வேண்டும்.

இன்று 112ஆம் நாள். நுனிச் செடி கம்பத்தில் ஒரு புது இலை விட்டிருக்கிறது, இரண்டு பக்கமும் வெட்டு விழுந்து, நடு நரம்போரம் 3 ஓட்டையோடு. தண்ணீரில் வந்த இரண்டில் ஒன்றை அக்கா எடுத்துக்கொண்டு போய்விட்டாள், கொடுக்கட்டுமா என்று கேட்க எனக்கு வாய்ப்பே தரவில்லை. சாடியில் நின்ற அந்த ஒற்றை இலை போன வாரம் ஓரத்திலிருந்து பழுக்கத் தொடங்கியது. எடுத்துப் பார்த்தேன், வேர் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. அடித்தண்டில் மேல் கணுவில் தளிர் விரல் நீளம் வந்துவிட்டது. அதற்குக் கீழே மண்ணை ஒட்டிய கணுவில் பரு லேசாக உப்பியிருக்கிறது, உறையை உரித்துவிட்டுத் தொடாமல் விட்டிருக்கிறேன்.